கரண்ட் வைத்த இடத்தில் கத்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரியில் அவர் எங்கள் ஓ.பி.க்கு வந்தது புற்றுநோய்க்காக அல்ல. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அதற்கு ஏதாவது மாத்திரை வேண்டும் என்று வந்தார். வயது 67. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடவே மனைவி.

"முன்னாடி ஏதாவது வைத்தியம் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"புரோஸ்டேட்ல கேன்சர் இருந்துச்சு சார். அது முடிஞ்சு போச்சு. 2017-லயே கரண்ட் வச்சாச்சு."

கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் பெயர். அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை என்று விளக்கிப் பார்த்து, பல வருஷத்துக்கு முன்பே நானும் அந்த வார்த்தைக்கு மாறிவிட்டேன்.

மனைவி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜையில் வைத்தார். ஆறு வருஷத்துக் காகிதங்கள், தேதி வாரியாக, குண்டூசி குத்தி. புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. அது சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பி.எஸ்.ஏ. பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டுகளை மட்டும் உருவி மேஜையில் பரப்பினேன். 2019 மார்ச்: 0.3. அதே வருஷம் செப்டம்பர்: 0.6. 2020-ல் ஒன்றுமில்லை, கொரோனா. 2021 ஜனவரி: 1.2. டிசம்பர்: 1.9. 2022 ஆகஸ்ட்: 2.6. போன வாரம் எடுத்தது: 3.1. ஒவ்வொன்றிலும் எண்ணுக்கு நேரே ‘நார்மல்: 0 – 4’ என்று அச்சாகியிருந்தது. நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை. மூன்று ரிப்போர்ட்டுகளில் யாரோ பச்சை மையில் டிக் அடித்திருந்தார்கள்.

அந்த 0 – 4 அவருக்கு உரிய அளவே அல்ல. அது புரோஸ்டேட் முழுசாக, சிகிச்சை எதுவும் தொடாமல் இருக்கிற ஆண்களுக்கானது. கதிர்வீச்சு எடுத்தவருக்கு எண் எவ்வளவு தாழ இறங்கியதோ அதுதான் தரை. தரையிலிருந்து 2 ஏறினால் நோய் திரும்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2005-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த வரையறை இது. அதனால் ஃபீனிக்ஸ் விதி என்றே பெயர். இவருடைய தரை 0.3. எல்லை 2.3. 2022 ஆகஸ்டிலேயே அதைத் தாண்டிவிட்டார், அதுவும் ‘நார்மல்’ என்ற முத்திரையோடு.

மேலே போவதற்கு முன் ஒன்று. இதில் வருபவர் ஒரே ஆள் அல்ல. ஏறக்குறைய ஒரே பாதையில் வந்த சிலருடைய கோப்புகளைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி தேதி, ஊர், எண்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவம் மாறவில்லை.

முன்கதை

2017-ல் அவருடைய பி.எஸ்.ஏ. 11.4. சதைப் பரிசோதனையில் கிளீசன் 3+4, அதாவது நடுத்தர வகை. நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பதற்கான மதிப்பெண் அது; முதல் எண் கூடினால் நோய் இன்னும் முரடு. கட்டி புரோஸ்டேட்டின் இடது பக்கத்துக்குள்ளேயே இருந்தது. அறுவை செய்யலாம், கதிர்வீச்சும் கொடுக்கலாம் என்று இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனில் மயக்கம் தெளியாமலே இறந்துபோனவர். "கத்தி மட்டும் வேணாம்னுட்டேன்" என்றார். ஆறு மாதம் ஹார்மோன் ஊசி (ஆண் ஹார்மோனை அடக்குவது), அதோடு 20 நாள் கதிர்வீச்சு, மொத்தம் 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு). இன்று உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் அளவுதான்.

அந்த முடிவைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 வருஷம் கவனித்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எந்தப் பிரிவில் இருந்தாலும் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். "அன்னைக்கே வெட்டி எடுத்திருந்தா" என்று மனைவி ஆரம்பித்தபோது இதைத்தான் சொன்னேன். அறுவைக்குப் பிறகும் நோய் திரும்புவது உண்டு. அப்படித் திரும்பியவர்களை நான் கதிர்வீச்சுக்கு அனுப்புகிறேன்.

வித்தியாசம் ஒன்றுண்டு. அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சுக்குப் போவது தார் ரோடு, நன்றாகப் பழகிய வழி. கதிர்வீச்சுக்குப் பிறகு அறுவைக்கு வருவது அப்படியல்ல. அதனால்தான் திரும்பிய நோயோடு வரும் பெரும்பாலானோருக்கு ஹார்மோன் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஊசி போட்டால் பி.எஸ்.ஏ. சடாரென்று இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது நோயை அடக்கி வைக்கிறதே தவிர வேரோடு எடுப்பதில்லை. எலும்பு தேயும், தசை கரையும், சர்க்கரை ஏறும், உடம்பு திடீர் திடீரென்று தகிக்கும். இவருக்கு ஏற்கெனவே சர்க்கரை.

எங்கே திரும்பியிருக்கிறது?

பி.எஸ்.ஏ. ஏறுகிறது என்றால் உடம்பில் எங்கோ நோய் இருக்கிறது. எங்கே என்று அந்த எண் சொல்லாது. எலும்பிலோ நிணநீர்க் கணுவிலோ இருந்தால் புரோஸ்டேட்டை எடுத்து ஒரு பயனும் இல்லை. கஷ்டம் மட்டும் மிச்சமாகும்.

ஏறிய வேகத்தை முதலில் கணக்குப் போட்டேன். 1.2-லிருந்து 3.1-க்கு வர 25 மாதம். இரட்டிப்பாக ஏறக்குறைய 18 மாதம் எடுத்திருக்கிறது. இது மெதுவான ஏற்றம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானால் நோய் வெளியே போயிருக்கும் என்ற பயம் வரும். கதிர்வீச்சு முடிந்த ஒன்றிரண்டு வருஷத்தில் பி.எஸ்.ஏ. காரணமில்லாமல் கொஞ்சம் துள்ளி, தானாக இறங்குவதும் உண்டு. இவருடையது ஒரு தடவைகூட இறங்கவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கம் 14 மி.மீ. அளவில் ஒரு கருமை. 2017 படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: அதே இடம். இது வழக்கமான சங்கதிதான். கதிர்வீச்சு தோற்றால் பெரும்பாலும் பழைய பெரிய கட்டி இருந்த இடத்திலேயே தோற்கிறது. அதனால்தான் சுரப்பி முழுசுக்கும் 77 கிரே கொடுத்து, கட்டிக்கு மட்டும் 95 கிரே வரை ஏற்றிப் பார்த்தார்கள், நெதர்லாந்து, பெல்ஜியம் மருத்துவர்கள். ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 85 சதவீதத்திலிருந்து 92 ஆனார்கள். அந்த முடிவு வந்தது 2021-ல். இவர் 2017-ல் எடுத்தவர்.

அடுத்து பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். புரோஸ்டேட் புற்றுச் செல்களின் மேல் நிறைய இருக்கிற ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைக் கட்டி அனுப்புகிறார்கள். நோய் இருக்கும் இடம் ஒளிரும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்த அறுவையைச் செய்தவர்கள் எலும்பு ஸ்கேனையும் சி.டி.யையும் நம்பித்தான் செய்தார்கள். ஒளிந்திருந்த நோய் அப்போது தெரிந்திருக்காது. பழைய தொகுப்புகளின் எண்களைப் படிக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும். இவருக்கு அந்த ஒரே இடம்தான் ஒளிர்ந்தது. ஆனாலும் மிகச் சின்னக் கணு நோயை இந்த ஸ்கேனும் தவறவிடும் என்று சொல்லி வைத்தேன்.

கடைசியாக ஊசி குத்தி சதை எடுத்தோம். மலக்குடல் வழியாக அல்ல, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலிருக்கிற தோல் வழியாக. கதிர் பட்ட மலக்குடலில் தேவையில்லாமல் ஊசி குத்தக் கூடாது. 14 துண்டுகளில் மூன்றில் புற்று, கிளீசன் 4+3. புரோஸ்டேட்டை ஒட்டியிருக்கிற விந்துப்பைகளில் எடுத்த துண்டுகள் சுத்தம். கதிர்வீச்சு முடிந்து இரண்டு வருஷத்துக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்தால் ஏமாந்துபோவோம். செத்துக்கொண்டிருக்கும் செல்லும் நுண்ணோக்கியில் உயிருள்ளதுபோலத் தெரியும். இவருக்கு ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. நோயியல் மருத்துவர் போனில் கூப்பிட்டு, "கரண்ட் பட்ட அடையாளமே இல்லாத செல்" என்றார்.

2017-ல் 3+4. இப்போது 4+3. இடையில் கெட்டதா, அல்லது அப்போதே ஊசி படாத மூலையில் 4+3 இருந்ததா? தெரிய வழியில்லை. அந்தப் பச்சை டிக்குகளின் மேல் கோபப்பட எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

நாலைந்து வழிகள்

அவரிடம் வைத்த வழிகள் இவை. ஒன்றும் செய்யாமல் பார்ப்பது. ஹார்மோன் ஊசி. திரும்பவும் கதிர்வீச்சு, அதாவது சுரப்பிக்குள் ஊசிகள் செருகி உள்ளிருந்து கொடுப்பது, அல்லது வெளியிலிருந்து மிகத் துல்லியமாக ஐந்தாறு தடவை. உறைய வைத்துக் கொல்லும் கிரையோ. ஒலியலையைக் குவித்துச் சுடுவது. அப்புறம், அறுவை.

நான் அறுவை மருத்துவன் என்பதால் இந்த இடத்தில் என் பேச்சைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். 2021-ல் 150 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பெரிய ஒப்பீடு வந்தது. நோய் திரும்பாமல் ஐந்து வருஷம் இருப்பவர்கள் எந்த வழியிலும் நூற்றுக்கு 50-லிருந்து 60-க்குள்தான். ஆனால் கடுமையான சிறுநீர்த் தொல்லை அறுவையில் நூற்றுக்கு 20 பேருக்கு மேல். மறு கதிர்வீச்சில் 4 முதல் 8. இந்தத் தாளை மட்டும் பார்த்தால் என் அறையிலிருந்து எழுந்து கதிர்வீச்சு மருத்துவரின் அறைக்குத்தான் போக வேண்டும். அவரை அங்கே அனுப்பவும் செய்தேன்.

அங்கே இரண்டு சிக்கல். மறு கதிர்வீச்சுக்குப் பழைய சிகிச்சையில் மலக்குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் எத்தனை கிரே போனது என்ற வரைபடம் வேண்டும். முதலில் சிகிச்சை கொடுத்த இடத்தில் கம்ப்யூட்டரை மாற்றியதில் அது காணாமல்போய்விட்டது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருந்த ஒற்றை வரிதான் மிச்சம். இரண்டாவது, அவர் வந்த காரணமே சிறுநீர் அடைப்பு. விநாடிக்கு 9 மி.லி. வேகம், போன பிறகும் பையில் 110 மி.லி. தேக்கம். அடைப்போடு இருப்பவருக்கு மறுபடி கதிர் கொடுத்தால் வீங்கி முழுசாக அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். சரி, முதலில் புரோஸ்டேட்டை உள்ளே கொஞ்சம் சுரண்டிவிட்டு அப்புறம் கதிர் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கதிர் பட்ட சுரப்பியைச் சுரண்டினால் சிறுநீர்க் கசிவு வரும், அதன் மேல் இன்னொரு கதிர் என்றால் ஆறவே ஆறாத புண்ணாகும்.

அறுவைக்கு அவர் பொருத்தமானவர்தானா? ஐரோப்பிய வழிகாட்டி இதற்குக் கறாராக இருக்கிறது: பத்து வருஷமாவது வாழக்கூடியவர், பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழே, கிளீசன் ரொம்ப மோசமில்லை, முதலில் வந்தபோதே கட்டி சுரப்பிக்குள் அடங்கியிருந்தது, இப்போது கணுவிலோ எலும்பிலோ இல்லை. எல்லாவற்றிலும் தேறினார். வழிகாட்டியில் இல்லாத ஒன்றை நான் சேர்த்துக்கொள்வேன்: அறுவைக்கு முன் இருமினாலும் சொட்டுக்கூடக் கசியாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே கசிகிறவரை இந்த அறுவைக்கு எடுப்பதில்லை.

1985 முதல் 2009 வரை ஏழு மையங்களில் இப்படி அறுவை செய்துகொண்ட 404 பேரின் கணக்கைச் சொன்னேன். பத்து வருஷத்தில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் 37 சதவீதம். நோய் வேறு இடத்துக்குப் பரவாமல் இருந்தவர்கள் 77. இந்தப் புற்றுநோயால் சாகாமல் இருந்தவர்கள் 83. பி.எஸ்.ஏ. 4-க்குள் இருக்கும்போதே வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

"37-ஆ?" என்றார் மனைவி.

"ஆமாம்மா. முழுசா போயிடும்னு நான் சொல்லலை. மூணுல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல. மத்தவங்களுக்கு ஊசி போடுற நாளைத் தள்ளிப்போடலாம்."

அறுவைக்குப் பிறகு வருகிற சிறுநீர்க் கசிவைப் பற்றி வாயால் சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. "பரவால்ல சார், உசுரு முக்கியம்" என்று தலையாட்டிவிடுவார்கள். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டயப்பர் ஒன்றைக் கொடுத்து, அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வழக்கமான வேலையைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். கடைக்குப் போக வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சிலர் அதோடு அறுவை வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

இவர் அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தார். "மழைல ஒழுகுற பஸ்ஸுல டிரைவர் சீட் நனைஞ்சு கிடக்கும் சார். அதுல உக்காந்து சேலம் வரைக்கும் ஓட்டின மாதிரி இருந்துச்சு. ஓட்டியிருக்கேனே." கொஞ்சம் நிறுத்தி, "பண்ணிடலாம்" என்றார்.

அறுவை

ஜூன் மாதம். முந்தைய நாள் குடலைக் கழுவினோம். மலக்குடல் கிழிந்தால் தற்காலிகமாக வயிற்றில் மலத்துக்கு வழி வைக்க வேண்டியிருக்கலாம். அதற்கான இடத்தை முன்னாலேயே குறிக்க வேண்டும். நர்ஸ் அவரை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து, வேட்டியைக் கட்டச் சொல்லி, மடிப்பு விழாத, வேட்டி முடிச்சு உரசாத ஓர் இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். அந்த வட்டத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ராத்திரிதான் அவர் பயந்தார் என்று மனைவி பிறகு சொன்னார்.

ரோபோ உதவியோடு செய்தோம். கதிர் படாத வயிறாக இருந்தால் புரோஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவிலிருக்கிற மெல்லிய சவ்வுத்தளம், வாழை மட்டை உரிவதுபோலத் தானாகப் பிரியும். கேமராவைக் கொஞ்சம் தள்ளினாலே வழி விடும். கதிர் பட்ட இடத்தில் தளமே கிடையாது. மாவுப் பசை தடவி ஒட்டிக் காய்ந்த சினிமா போஸ்டரைச் சுவரிலிருந்து உரித்திருக்கிறீர்களா? இழுத்தால் போஸ்டர் கிழியும், இல்லாவிட்டால் சுவர்ப் பூச்சு பெயர்ந்து வரும். இங்கே சுவர் என்பது மலக்குடல்.

முன்பக்கம் வழக்கம்போலப் போனது. சிறுநீர்ப்பையின் கழுத்தைப் பிரித்தோம், விந்துப்பைகளைத் தூக்கினோம், ஒரு மணி நேரம். அடுத்த நாலு சென்டிமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சூடு எதுவும் கிட்டே வரக் கூடாது என்பதால் மின்சாரத்தில் சுட்டு வெட்டும் கத்தியை விட்டுவிட்டு வெறும் கத்தரிதான்; ரத்தம் கசிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். உதவியாளர் மலக்குடலுக்குள் விரல் வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு மெலிசாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "சார், இங்க என் விரல் தெரியுது" என்றார் ஓரிடத்தில். அங்கே நிறுத்தி, புரோஸ்டேட் பக்கமாக ஏறி, இன்னொரு கோணத்திலிருந்து வந்தோம். விறைப்பு நரம்புகளைக் காப்பாற்ற முயலவில்லை. 2017-லிருந்தே அது இல்லை என்று அவர் சொல்லியிருந்தார், மனைவி தண்ணீர் குடிக்க வெளியே போன இடைவெளியில்.

சுரப்பியை எடுத்த பிறகு ஒரு சோதனை. இடுப்புக் குழியில் தண்ணீரை நிரப்பி, கீழேயிருந்து மலக்குடலுக்குள் காற்றை ஊதுவோம். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வருகிறதா என்று அறையில் எட்டுப் பேர் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். வரவில்லை. குடல் அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். பேனா வட்டம் வட்டமாகவே நின்றுவிட்டது.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2004-ல் வெளியிட்ட 100 பேரின் தொகுப்பில், 1993-க்கு முன் செய்த அறுவைகளில் மலக்குடல் கிழிந்தது நூற்றுக்கு 15. அதற்குப் பிறகு 2. ரோபோ வருவதற்கு முந்தைய கணக்கு இது. கருவியைவிடக் கை பழகியதும், யாரை எடுப்பது என்று தெரிந்துகொண்டதும்தான் காரணம் என்பது என் எண்ணம்.

மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம், 250 மி.லி. ரத்த இழப்பு. நாலாம் நாள் சிறுநீர் டியூபோடு வீட்டுக்குப் போனார்.

பிறகு

சாதாரண புரோஸ்டேட் அறுவையில் டியூபை ஒரு வாரம், பத்து நாளில் எடுத்துவிடுவோம். கதிர் பட்ட இடத்தில் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கிடக்கும், சிறுநீர்ப்பையைச் சிறுநீர்க்குழாயோடு இணைத்த தையல் மெதுவாக ஆறும். "மூணு வாரம், அதுக்கு மேல இல்லை" என்று சொல்லியிருந்தேன். அதை நம்பி அவர்கள் பேத்தியின் காதுகுத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் மருந்து செலுத்திப் படம் எடுத்தால் தையல் ஓரத்தில் நூல்போல ஒரு கசிவு. இன்னும் பத்து நாள் டியூப் என்றேன். காதுகுத்துக்குப் போய் மூத்திரப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். தாய்மாமன் மடி இருந்தது, தாத்தாவைத்தான் காணோம் என்று மனைவி வருத்தப்பட்டார். அது என் தப்பு. தேதி சொல்லியிருக்கவே கூடாது.

நோயியல் ரிப்போர்ட்: 16 மி.மீ. கட்டி, கிளீசன் 4+3, உறையைத் துளியூண்டு தாண்டியிருக்கிறது, வெட்டு விளிம்பு சுத்தம், எடுத்த 11 கணுக்களிலும் புற்று இல்லை. ஆறாவது வாரம் பி.எஸ்.ஏ. கருவியால் அளக்க முடியாத அளவு, 0.03-க்கும் கீழே.

கசிவு நான் சொன்னபடியே வந்தது. அதை அளந்தது அவர் மனைவி. சமையல் தராசு ஒன்று வாங்கி, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்து, 24 மணி நேரக் கசிவைக் கிராமில் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவந்தார். முதல் மாதம் 700. மூன்றாம் மாதம் 410. ஐந்தாம் மாதம் 240. நான் சந்தோஷப்பட்டேன். அவர் சொன்னார், "குறையுது சார், ஆனா இவரு முக்கி முக்கித்தான் போறாரு."

கேமரா விட்டுப் பார்த்தால் இணைப்பு இடம் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கதிருக்குப் பிந்தைய அறுவையில் இது அடிக்கடி வருகிற தொல்லை. கசிவு குறைந்ததில் பாதி தசை தேறியதால் அல்ல, வாசல் அடைத்துக்கொண்டதால். நோட்டில் எண் இறங்குவதைப் பார்த்துக் களித்த நான், ‘நார்மல்’ என்று டிக் அடித்தவரிடமிருந்து எந்த விதத்தில் வேறு என்று அன்று ராத்திரி யோசித்தேன். இணைப்பை லேசாகக் கீறிவிட்டோம். சிறுநீர் தாராளமாகப் போனது. நோட்டில் அடுத்த வரி: 480.

இறுக்கமும் கசிவும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். இறுக்கத்தைத் தளர்த்தினால் கசிவு ஏறும். இடுப்புத்தளப் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தார். ஒரு வருஷத்தில் 310, இரண்டாம் வருஷம் முடிவில் 180.

செயற்கைச் சுருக்குத்தசை பற்றியும் பேசினோம். சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஒரு பட்டை, விதைப்பைக்குள் ஒரு சின்னப் பம்ப், வயிற்றுக்குள் ஒரு நீர்ப்பந்து. போக வேண்டும்போது பம்பை அமுக்கினால் பட்டை தளரும். இன்றைக்கும் கசிவுக்கு இதைவிடத் திடமான வழி இல்லை. செலவு லட்சங்களில். கதிர் பட்ட குழாயைப் பட்டை அரித்துவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அது உள்ளே இருப்பது தெரியாமல் எங்காவது அவசரத்தில் டியூப் செருகினாலும் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வண்டிக்கு எத்தனை ரிப்பேர் சார்" என்று சிரித்தார். இப்போது வீட்டில் இருந்தால் பேட், பஸ்ஸில் வெளியூர் போனால் ஆணுறைபோல மாட்டி, பையோடு இணைக்கிற உறை. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார்.

மறு கதிர்வீச்சுக்கே அனுப்பியிருக்கலாமோ என்று இன்னும் தோன்றும் நாட்கள் உண்டு. பழைய வரைபடம் கிடைத்து, அடைப்பும் இல்லாமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன். அடுத்து இதே மாதிரி வந்த ஒருவரை அனுப்பவும் செய்தேன்.

பி.எஸ்.ஏ. பதினெட்டாம் மாதம்வரை 0.03-க்குக் கீழேயே இருந்தது. இரண்டாம் வருஷம் 0.04. அறுவைக்குப் பிறகு 0.2-ஐத் தொட்டால்தான் திரும்பியது என்போம், 0.04 என்பது கருவியின் தள்ளாட்டமாகவும் இருக்கலாம், ஆரம்பமாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து வரச் சொன்னேன்.

எடுத்து வந்தார். அதே லேப், அதே தாள். எண் 0.04. அதற்கு நேரே அச்சாகியிருந்த ‘நார்மல்: 0 – 4’ என்ற வரியின் மேல் நீல பால்பாயின்ட் பேனாவால் இரண்டு கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக: ‘எனக்கு 0.2’.